அம்மா முதல் தடவை பிளேன்ல போறாங்க, கையில கொண்டுபோற பேக்ல என்னென்ன வைக்கணும்?

பொகவந்தலாவை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா அடுத்த மாசம் லண்டனுக்குப் போறாங்க. தம்பி அங்க இருக்கான், அவனுக்கு முதல் பிள்ளை பிறந்திருக்கு. கட்டுநாயக்கவில ராத்திரி ஏறி, டோஹாவில இறங்கி, வேற பிளேன் மாறிப் போகணும். டோஹா வரைக்கும் 5 மணித்தியாலம், அங்க இருந்து லண்டனுக்கு 7 மணித்தியாலம் மட்டில. தனியாத்தான் போறாங்க.

அம்மாவுக்கு 67 வயசு. கல்யாணம் கட்டி வந்த நாள்ல இருந்து பென்ஷன் வயசு வரைக்கும் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு. காலையும் மாலையும் இன்சுலின் போடணும். முழங்கால் வலி வேற. எயார்போர்ட்டுக்குள்ள வீல்செயார் கேட்டு ஏற்பாடு பண்ணியாச்சு, அதனால வழி தவறிருவாங்களோ என்ற பயம் எனக்கு இல்ல. என் கவலையெல்லாம் பிளேனுக்குள்ள உட்கார்ந்திருக்கிற அந்த நேரத்தைப் பத்தித்தான். அம்மா யாருகிட்டயும் எதையும் கேட்டு வாங்குற ஆள் இல்ல. தாகம் எடுத்தாலும், குளிரினாலும், பாத்ரூம் போகணும்னாலும் பேசாம இருந்துருவாங்க. சிங்களம் கொஞ்சம் வரும், இங்கிலீஷ் வராது.

நாங்க இருக்கிற லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுகள்ல, ஆளாளுக்கு ஒண்ணு கொண்டுவந்து தர்றாங்க. மாங்காய் அச்சாறு, கித்துள் பாணி, நெய், பொரிச்ச மிளகாய், முறுக்கு, தேயிலை. பெரிய சூட்கேஸ்ல போட்டா உடைஞ்சிரும், கையிலேயே கொண்டுபோறேன்னு அம்மா சொல்றாங்க. வெற்றிலைப் பையும் மடியிலேயே இருக்கணுமாம். என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது? எப்படி அடுக்கினா அம்மாவுக்கு லேசா இருக்கும்? போய் வந்தவங்க சொல்லுங்க.


டிக்கோயா வேன்காரர்:

தங்கச்சி, நான் இந்தப் பக்கத்து ஆளுங்களை எயார்போர்ட்டுக்குக் கொண்டுபோற வேன்காரன். பிளேனுக்குள்ள நடக்கிறதை மத்தவங்க சொல்லட்டும், நான் ரோட்டைச் சொல்றேன். பாதிப் பேர் பிளேன் ஏற முந்தியே களைச்சுப் போயிருவாங்க. ஹட்டன்ல இருந்து கினிகத்தேனை, கித்துல்கலைன்னு இறங்கி அவிசாவளை போய்ச் சேர்றதுக்குள்ள வளைவு வளைவா வரும். வாந்தி வர்றவங்களுக்கு உடுப்பெல்லாம் நாசம். அதனால பிளேனுக்கு உடுத்துற உடுப்பை வீட்டுல இருந்தே உடுத்தி வர வேணாம். பழைய உடுப்போட வரட்டும், மாத்துறதை மடிச்சு முன்னால வைங்க. சொப்பிங் பேக் நாலு, ஒரு துவாய், ஒரு எலுமிச்சம்பழம் கையில குடுங்க.

அடுத்தது ஸ்வெட்டர். பொகவந்தலாவையில இருந்து விடியக்காலம் ஸ்வெட்டரும் மப்ளரும் போட்டு ஏறுறவங்க அவிசாவளை வரும்போது வேர்த்து விறுவிறுத்துப் போறாங்க, கழட்டி வேன்லயே விட்டுட்டுப் போயிருறாங்க. அந்த ஸ்வெட்டர்தான் பிளேன்ல வேணும். கழட்டினதும் கை பேக்கோட பட்டியில கட்டிருங்க.

பாஸ்போர்ட் வச்ச பேக்கை வேனுக்குப் பின்னால சாமானோட ஏத்தாதீங்க. மடியில இருக்கட்டும். மழைக்காலம்னா மண் சரிஞ்சு ரோடு மூடும், பனி இறங்கினா முன்னால போற பஸ்ஸே தெரியாது. கடுவெலையில ஹைவேயில ஏறிட்டா கட்டுநாயக்க வரைக்கும் ஹைவேயிலேயே போகலாம், அது லேசு. மலை இறங்குறதுக்குத்தான் நேரம் வேணும். கணக்குப் பார்த்த நேரத்துக்கு மேல ரெண்டு மணித்தியாலம் வச்சுக்கிட்டு வெளிக்கிடுங்க.


நோர்வூட் அக்கா:

தங்கச்சி, உங்க அம்மாவைப் பத்தி நீங்க எழுதினதை வாசிக்கும்போது எங்க அம்மா மாதிரியே இருந்திச்சு. நான் குவைத்திலயும் டோஹாவிலயும் வீட்டு வேலை செஞ்சவ. நம்ம பக்கத்துப் பொம்பளைகளோட ஏறி இறங்கின அனுபவம் நிறைய இருக்கு. அதை வச்சுச் சொல்றேன்.

“யாருகிட்டயும் கேட்க மாட்டாங்க”ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஒண்ணை வச்சுத்தான் பேக் அடுக்கணும். கேட்காம, எழும்பாம, குனிஞ்சு கை விட்டா எட்டுற இடத்துல எல்லாம் இருக்கணும். அதனால ஒரு பேக் போதாது, ரெண்டு வேணும். மேல் தட்டுல வைக்கிறது ஒண்ணு. முன் சீட்டுக்கு அடியில, அம்மாவோட காலடியில வைக்கிற சின்னது ஒண்ணு. மேல வச்சதை அம்மாவால இறங்குற வரைக்கும் எடுக்க ஏலாதுன்னு நினைச்சுக்குங்க. சீட் பெல்ட் போட்டு, பக்கத்துல முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேர் தூங்கிக்கிட்டு இருக்கும்போது, எழும்பி நின்னு மேல் தட்டைத் திறக்கிற அம்மா நம்ம அம்மாமார்ல யாரு இருக்காங்க? என் பக்கத்துல இருந்த ஒரு அம்மா சால்வையை மேல வச்சிட்டு, ராத்திரி முழுக்க முந்தானையைப் போர்த்திக்கிட்டு நடுங்கிக்கிட்டு இருந்தாங்க. நான் கேட்டதுக்கும் “பரவாயில்ல மகள்”னுதான் சொன்னாங்க. அப்புறம் நானே எழும்பி எடுத்துக் குடுத்தேன்.

இன்னொண்ணு, சீட்டை இப்பவே நடைபாதை ஓரத்துல கேட்டு வைங்க. ஜன்னல் பக்கம் வேணாம். பாத்ரூம் போக ரெண்டு பேரைத் தாண்டணும்னா அம்மா தண்ணியே குடிக்க மாட்டாங்க, அது சீனி வருத்தக்காரங்களுக்கு நல்லதில்ல.

கையில கொண்டுபோறதுக்கு எத்தனையோ எயார்லைன்ல 7 கிலோதான். உங்க டிக்கட்டுல எவ்வளவுன்னு பார்த்துக்குங்க. அம்மாவுக்கு நிறை சொல்லிக்குடுக்கத் தேவையில்ல, கொழுந்துத் தராசுக்கு முன்னால நின்னவங்க, தூக்கினதுமே சொல்லிருவாங்க. ஆனா 7 கிலோ கொண்டுபோகலாம்ன்றதுக்காக 7 கிலோவும் நிரப்பாதீங்க. தலைக்கு மேல தூக்கி வைக்கணும், முழங்கால் வலிக்காரங்க. மேல வைக்கிறது 4 கிலோவுக்குள்ள இருக்கட்டும். ஒரு சோடி மாத்து உடுப்பு, உள் உடுப்பு, ஒரு துவாய், பிள்ளைக்குக் கொண்டுபோற துணி, அவ்வளவுதான். சூட்கேஸ் பிந்தி வந்தாலும் ஒரு நாளைக்குச் சமாளிக்கலாம்.

இனி காலடியில வைக்கிற பேக். அதுதான் முக்கியம். தோள்ல குறுக்கால போடுற நீளமான பட்டி இருக்கணும், வாய் முழுசா சிப்போட இருக்கணும். திறந்த பேக் சாஞ்சா சாமானெல்லாம் முன் சீட்டுக்காரர் காலுக்குக் கீழ போயிரும். வெளிப் பொக்கட்டுல பாஸ்போர்ட், டிக்கட், தம்பியோட முகவரியும் டெலிபோன் நம்பரும் எழுதின கடிதம். போன்ல மட்டும் இருந்தா போதாது, சார்ஜ் இறங்கினா ஒண்ணும் இல்லாம போயிரும். பாஸ்போர்ட்டோட போட்டோகொப்பி ஒண்ணு மேல வைக்கிற பேக்ல தனியா இருக்கட்டும். ஒரு பேனை வைங்க. பேனை இல்லாம பக்கத்து ஆளைப் பார்த்துக்கிட்டு இருக்கிற பொம்பளைகளை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

அதுக்குள்ள வைக்கிறதுக்கு நான் எப்பவும் அரிசி மாவு வர்ற மாதிரி பொலித்தீன் உறை மூணு எடுப்பேன். வெளியில இருந்தே உள்ள இருக்கிறது தெரியும். ஒண்ணுல மருந்து. ஒண்ணுல தின்றது. ஒண்ணுல குளிருக்கும் பாத்ரூமுக்கும். அம்மாவுக்கு வாசிக்கிறது கஷ்டம்னா உறையோட வாயில கலர் நூல் கட்டிருங்க, மருந்துக்குச் சிவப்பு. சிவப்பு நூல்ல மூணு முடிச்சும் போட்டு விட்டா, இருட்டுல தடவிப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாங்க.

குளிர் உறையில காலுறை ரெண்டு சோடி. பிளேனுக்குள்ள முதல்ல குளிர்றது பாதம்தான். செருப்பைக் கழட்டி காலுறை போட்டுக்கிட்டா போதும், பாதம் வீங்கினாலும் இறுக்காது. பட்டி வச்ச செருப்புன்னா தளர்த்தி விடலாம். கம்பளிச் சால்வை ஒண்ணு. அங்க போர்வை தருவாங்க, மெல்லிசாத்தான் இருக்கும். ஸ்வெட்டரை உடுத்திக்கிட்டுப் போனா நிறையிலயும் சேராது.

பாத்ரூமைப் பத்தி யாரும் எழுத மாட்டாங்க, நான் எழுதுறேன். அங்க கழுவுறதுக்குத் தண்ணி பைப் இருக்காதுன்னே வச்சுக்குங்க, கடதாசிதான். நம்ம அம்மாமாருக்கு அது பெரிய கஷ்டம், அதுக்குப் பயந்தே அடக்கிக்கிட்டு இருப்பாங்க. ஒரு சின்ன வெறும் போத்தல் வச்சு விடுங்க, உள்ள இருக்கிற பேசின்ல தண்ணி பிடிச்சுக்கலாம். ஈரத் துடைப்பான் ஒரு சின்னப் பக்கட், அதைக் கழிவறைக்குள்ள போடாம குப்பை வாய்க்குள்ள போடச் சொல்லுங்க. கதவு நடுவுல மடிஞ்சு உள்ளுக்குப் போகும், நடுவுல தள்ளணும். உள்ள போய்க் கொண்டியைப் போட்டாத்தான் லைட் முழுசா எரியும். இதை எல்லாம் வீட்டுலயே நடிச்சுக் காட்டிருங்க. சேலை உடுத்திப் போறாங்கன்னா பருத்திச் சேலை, கொசுவம் கொஞ்சம் தூக்கி. முடிஞ்சா நீளப் பாவாடையும் சட்டையும் பேசி ஒத்துக்க வைங்க.

கேட்கத் தெரியாதவங்களுக்கு நான் செஞ்சு குடுக்கிறது ஒண்ணு இருக்கு. கொப்பி மட்டையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, “தண்ணீர் வேணும்”, “சுடுதண்ணி வேணும்”, “பாத்ரூம் போகணும்”, “எனக்குச் சீனி வருத்தம், சாப்பாடு சீக்கிரம் வேணும்”, “போர்வை வேணும்”, “மகனுக்கு போன் எடுக்கணும்”னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மட்டை. ஒரு பக்கம் தமிழ், பின் பக்கம் இங்கிலீஷ். பக்கத்துலயே ஒரு சின்னப் படம் வரைஞ்சிருங்க, கிளாஸ், சட்டி, கால், எதுவா இருந்தாலும். துளை போட்டு நூல்ல கோத்து வெளிப் பொக்கட்டுல கொழுவி விடுங்க. வாயைத் திறந்து கேட்க வெட்கப்படுறவங்க கூட மட்டையை நீட்டுவாங்க. இதை நான் கண்ணால கண்டிருக்கேன்.

இப்ப அச்சாறுக்கு வாறேன். கையில கொண்டுபோக விட மாட்டாங்க தங்கச்சி. தண்ணி மாதிரி, கூழ் மாதிரி, பசை மாதிரி எது இருந்தாலும் ஒரு போத்தல் 100 மில்லிலீட்டருக்கு மேல இருக்கக் கூடாது. 2006-ல இங்கிலாந்துல பிளேனை வெடிக்க வைக்கிற சதி ஒண்ணு பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு. அச்சாறு, கித்துள் பாணி, நெய், லுணுமிரிஸ்ன்ற மிளகாய்ச் சம்பல், தயிர், ஜாம், சுண்ணாம்பு எல்லாம் அந்தக் கணக்குத்தான். பெரிய போத்தல்ல கால்வாசிதான் இருக்குன்னு சொல்லிப் பிரயோசனம் இல்ல, போத்தலோட அளவைத்தான் பார்ப்பாங்க. எங்களுக்கு முன்னால வரிசையில நின்ன ஒரு அம்மாவோட அச்சாறு போத்தலை எடுத்து குப்பையில போட்டாங்க, அந்த அம்மா அழுதே விட்டாங்க. பிறகு பயணம் முழுக்க அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்த நிலைமைக்கு உங்க அம்மாவை விடாதீங்க. அச்சாறை ரெண்டு பொலித்தீன்ல இறுக்கிக் கட்டி, வாய் திருகுற பிளாஸ்டிக் டப்பாவில வச்சு, சூட்கேஸுக்கு நடுவுல துணிக்குள்ள சுத்தி வைங்க. உடையாது. நெய்யை விட்டிருங்க, இலங்கையில இருந்து இங்கிலாந்துக்குப் பால்ல செஞ்சதையும் இறைச்சியையும் கொண்டுபோக விட மாட்டாங்க. பச்சை இலை, காய்கறிலயும் நிறையத்துக்கு சான்றிதழ் கேட்பாங்க.

முறுக்கு, பொரிச்ச மிளகாய், தேயிலை கையில போகலாம். பக்கட் காத்தோட இருந்தா மேல போனதும் ஊதி வெடிக்கிற மாதிரி ஆகும், நம்ம நுவரெலியாவில மிக்சர் பக்கட் உப்புற மாதிரி. ஓரத்துல ஊசியால ஒரு குத்து விட்டு காத்தை எடுத்துட்டு டப்பாவில போடுங்க.

தின்றதுக்கு, அம்மாவுக்குப் பழக்கமான தேங்காய் ரொட்டி ரெண்டு, நல்லா காய்ஞ்சதா. கிரீம் கிரேக்கர் ஒரு பக்கட். மரக்கறிச் சாப்பாடு வேணும்னா டிக்கட் எடுத்த இடத்துல இப்பவே சொல்லுங்க, கடைசி 24 மணித்தியாலத்துக்குள்ள சொன்னா கிடைக்கிறது கஷ்டம். தண்ணிப் போத்தலை வெறுமையா கொண்டுபோய், செக் பண்ணி முடிஞ்ச பிறகு நிரப்பச் சொல்லுங்க. டோஹாவில மாறும்போது திரும்பவும் செக் பண்ணுவாங்க, பிளேன்ல குடுத்த தண்ணிப் போத்தலைக் கூட அங்க வாங்கி வச்சிருவாங்க. அதனால இறங்க முந்தி குடிச்சிரணும். வீல்செயார் தள்ளுறவங்ககிட்ட போத்தலைக் காட்டினா நிரப்பித் தருவாங்க.

மருந்து உறையைப் பத்தி பாமசி ஆளுங்க யாராவது எழுதுங்க. எனக்குத் தெரிஞ்சது, மருந்து ஒண்ணும் சூட்கேஸுக்குள்ள போகக் கூடாது.


கண்டி பாமசி:

நோர்வூட் அக்கா சொன்னது முழுக்கச் சரி, மருந்து எல்லாம் காலடிப் பேக்லதான். நான் பாமசியில வேலை செய்றேன், சீனி வருத்தக்காரங்க பயணத்துக்கு முந்தி வந்து கேட்கிறதை வச்சு எழுதுறேன்.

இன்சுலினை சூட்கேஸ்ல போடவே கூடாது. சாமான் ஏத்துற இடத்துல குளிர் கூடினா உறைஞ்சிரும், ஒருக்கா உறைஞ்ச இன்சுலின் பிறகு வேலை செய்யாது. ஐஸ் கட்டியோட ஒட்டியும் வைக்க வேணாம், அதே காரணம்தான். இப்ப பாவிச்சுக்கிட்டு இருக்கிற குப்பி சாதாரண அறை வெப்பத்துல சுமார் நாலு கிழமை தாங்கும், அதனால பயணத்துக்கு ஐஸே தேவையில்ல. வெயில் படாம, வேன் டாஷ்போட்ல வைக்காம இருந்தா போதும். மிச்சக் குப்பிகளைத் துணியில சுத்தி, வாய் அகலமான வெறும் ஃப்ளாஸ்க்ல போட்டுக் கையில கொண்டுபோங்க. பேனா இன்சுலின்னா ஊசியைக் கழட்டி வைங்க, ஊசியோட விட்டா காத்து மாற்றத்துல மருந்து ஒழுகும், காத்துக் குமிழியும் ஏறும்.

அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்ல குளிசையைச் சின்னக் கடதாசி உறையில போட்டு, மேல பேனையால எழுதித் தருவாங்க இல்லையா? அதோட வெளிநாட்டுக்கு அனுப்பாதீங்க. என்ன குளிசைன்னு அங்க யாருக்கும் தெரியாது. பயணத்துக்குத் தேவையான அளவாவது பாமசியில பெயர் அச்சடிச்ச ஸ்டிரிப்பா வாங்கிக்குங்க. கிளினிக் டொக்டர்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு கடிதம் எடுங்க. நோய், மருந்தோட பெயர், அளவு, இன்சுலினும் ஊசியும் கையில கொண்டுபோக வேண்டிய தேவை, இவ்வளவும் அதுல இருக்கணும். அம்மாவோட பெயர் பாஸ்போர்ட்டுல இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும். தோட்டப் பக்கத்துல கிளினிக் கொப்பியில ஒரு பெயர், பாஸ்போர்ட்ல இன்னொரு பெயரா இருக்கிறது நிறைய, முன்னாடியே பாருங்க. தேவையான மருந்துத் திரவத்துக்கு அந்த 100 மில்லிலீட்டர் கட்டுப்பாட்டுல விலக்கு உண்டு, ஆனா தனியா எடுத்துக் காட்டணும்.

நேரம் இன்னொரு விஷயம். லண்டன் நேரம் நம்மளை விட நாலரை அல்லது ஐந்தரை மணித்தியாலம் பின்னால, காலத்துக்குக் காலம் மாறும். மேற்கால போறதால அன்றைய நாள் நீண்டுரும். ரெண்டு ஊசிக்கும் நடுவுல எத்தனை மணித்தியாலம், எந்த ஊசி எந்த நேரம்னு டொக்டரே எழுதித் தரணும், நம்மளா கணக்குப் போட வேணாம். அம்மாவோட கைக்கடிகாரத்தை நம்ம நேரத்துலயே விட்டிருங்க, லண்டன்ல தம்பி மாத்திக் குடுக்கட்டும். சாப்பாடு முன்னால வந்த பிறகுதான் ஊசி. சாப்பாட்டு வண்டி பின் வரிசைக்கு வந்து சேர நேரம் எடுக்கும், ஊசி போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தா சீனி இறங்கிரும். அதுக்காகத்தான் குளுக்கோஸ் பிஸ்கட்டும் நாலஞ்சு இனிப்பு டொபியும் வெளிப் பொக்கட்டுல இருக்கணும். கை நடுங்கி வேர்த்தா டொபியைத்தான் முதல்ல வாயில போடணும்னு சொல்லி வைங்க.

பிளேனுக்குள்ள காத்து எப்படி இருக்கும்னு நிறையப் பேர் பயப்படுறாங்க. எவ்வளவு உயரத்துல பறந்தாலும் உள்ள இருக்கிற காத்தழுத்தம் 6,000 அடியில இருந்து 8,000 அடி உயரத்துல இருக்கிற மாதிரித்தான் வச்சிருப்பாங்க. நுவரெலியா 6,128 அடி, சிவனொளிபாதமலை 7,359 அடி. உங்க அம்மா வாழ்க்கை முழுக்க மலையில இருந்தவங்க, அந்தக் காத்து அவங்களுக்குப் புதுசு இல்ல. புதுசா இருக்கப்போறது வறட்சி. நம்ம பக்கம் பனியும் தூறலும், பிளேனுக்குள்ள ஈரப்பதன் 20 வீதத்துக்கும் கீழ. உதடு வெடிக்கும், மூக்கு காயும், கண் எரியும். உதட்டுக்குக் கொஞ்சம் வாஸ்லின், சின்ன டப்பாவில. தண்ணி ஒரேயடியா குடிக்க வேணாம், கொஞ்சம் கொஞ்சமா. டீ கேட்டாலும் சீனி இல்லாம.

இறங்கும்போது காது அடைக்கும். கினிகத்தேனையில இருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது அடைக்கிறதுதான், கொஞ்சம் கூட. டொபி சூப்பினா, அடிக்கடி எச்சில் முழுங்கினா விட்டிரும். தூங்கிக்கிட்டே இறங்க விடாதீங்க.

கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை விக்குது. சீனி வருத்தக்காரங்களுக்குக் காலோட இரத்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் அது குடுக்கணும், அதனால டொக்டர்கிட்ட கேட்காம வாங்காதீங்க. எல்லாருக்கும் பொருந்துறது, உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுத்துறது, பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுறது, பாத்ரூம் போற சாக்குல கொஞ்சம் நடக்கிறது. வாந்திக் குளிசையை வேன்லயே குடுக்கிறதுன்னாலும் கேட்டுக்குங்க, வயசானவங்களுக்கு சிலது தூக்கம் கூடத் தரும்.

கோடாலித் தைலம் கொண்டுபோகலாம், சின்னக் குப்பி. சித்தாலேப பாமும் போகலாம். ரெண்டையும் மத்தத் திரவங்களோட சேர்த்து, வாய் மூடுற தெளிவான ஒரு லீட்டர் உறையில போட்டு மேலாப்புல வைங்க, ஸ்கேன் பண்ற இடத்துல வெளியில எடுக்கச் சொல்லுவாங்க.


தலவாக்கலை தம்பி:

அக்கா, அம்மாகிட்ட பவர்பேங்க் குடுக்கிறீங்கன்னா அது கை பேக்லதான் இருக்கணும், சூட்கேஸ்ல போட்டா எடுத்துருவாங்க. 100 வாட் அவருக்குள்ள இருக்கணும். 20,000 மில்லி அம்பியர் அவர்னு (mAh) எழுதியிருந்தா அது 74 வாட் அவர்தான், பிரச்சினை இல்ல. அளவு அழிஞ்சு போன பழசைக் குடுக்காதீங்க, எழுத்து தெரியலேன்னா வாங்கி வச்சிருவாங்க. சில எயார்லைன்ல உள்ள வச்சு பாவிக்கவே விடுறதில்ல, எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர்ல இருந்து அப்படித்தான். என்னைக் கேட்டா பவர்பேங்கே வேணாம். முழுசா சார்ஜ் போட்ட பட்டன் போன் ஒண்ணு, அதுல 2-ஐ அழுத்திப் பிடிச்சா தம்பிக்குக் கோல் போற மாதிரி செட் பண்ணிக் குடுங்க. முன்னுக்குக் கூட்டல் 44 போட்டு நம்பரைப் பதிஞ்சிருங்க. அங்க சிம் வேலை செய்ய ரோமிங் போட்டு விடணும், அதை இங்கேயே செய்யணும்.


பொகவந்தலாவை மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மட்டையை நேத்து ராத்திரியே எங்க பிள்ளைகளோட உட்கார்ந்து வெட்டினோம். படம் வரையிறது சின்னவளோட வேலை. நான் தோட்டப் பாடசாலையில படிப்பிக்கிறேன், இங்கிலீஷ் பக்கத்தை எங்க இங்கிலீஷ் டீச்சர் எழுதித் தந்தாங்க. அம்மா முதல்ல “இது எதுக்கு, நான் என்ன ஊமையா”ன்னு கேட்டாங்க. பிறகு “சுடுதண்ணி” மட்டையை மட்டும் எடுத்துத் தனியா வச்சுக்கிட்டாங்க.

கிளினிக் கொப்பியிலயும் பாஸ்போர்ட்லயும் பெயர் வேற வேறயாத்தான் இருக்கு. நல்ல காலம் பாமசி அக்கா சொன்னீங்க. அடுத்த கிளினிக் நாள்ல கடிதம் எடுக்கும்போது சரி பண்ணச் சொல்றேன்.

ஆனா வெற்றிலைதான் முடியாம இருக்கு. அச்சாறை விட்டாங்க, நெய்யை விட்டாங்க, வெற்றிலையை விட மாட்டேங்கிறாங்க. காலையில எழும்பினதுல இருந்து வாயில இருக்கிற பழக்கம். பாக்குவெட்டியும் அந்தப் பைக்குள்ளதான்.


நோர்வூட் அக்கா:

பாக்குவெட்டி கையில போகவே கூடாது, வெட்டுற சாமான். சூட்கேஸுக்குள்ள போடுங்க. சுண்ணாம்பு பசைக் கணக்கு. வெற்றிலை பச்சை இலை, லண்டன்ல இறங்கும்போது பிரச்சினை வரலாம், அதுக்காக அம்மாவை ஒரு மேசைக்கு முன்னால நிக்க வைக்காதீங்க. புகையிலையும் வேணாம். பிளேனுக்குள்ள துப்புறதுக்கு இடமும் இல்ல, முழுங்கினா வயித்தைப் பிரட்டும்.

திடீர்னு நிறுத்தினா தலையிடிக்கும், கோபம் வரும். அதனால பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே குறைச்சுக்கிட்டு வாங்க. முதல்ல புகையிலையைக் குறைங்க, பிறகு ராத்திரி வெற்றிலை போடுறதை நிறுத்துங்க. பிளேனுக்கு அதே வெற்றிலைப் பையைக் குடுங்க, அது மடியில இருந்தா அம்மாவுக்கு ஒரு தெம்பு. உள்ள கராம்பு, ஏலக்காய், வறுத்த சோம்பு, சீவின காய்ஞ்ச இஞ்சி, ஒவ்வொண்ணையும் தனித்தனிக் கடதாசியில மடிச்சு வைங்க. கராம்பு ஒண்ணை கடைவாயில அடக்கிக்கிட்டா வாய் சும்மா இருக்கிற மாதிரித் தெரியாது. எங்க பெரியம்மாவை இப்படித்தான் அனுப்பினோம்.


பொகவந்தலாவை மகள்:

சரி அக்கா, அப்படியே செய்றேன். கராம்பும் ஏலக்காயும் வீட்டுலயே இருக்கு. பாக்குவெட்டியை நான் இன்னைக்கே சூட்கேஸ்ல போட்டுட்டேன். அம்மாகிட்ட சோம்புப் பொட்டலத்தைக் குடுத்தேன், ரெண்டு தரம் மோந்து பார்த்துட்டு இன்னும் கொஞ்சம் வறுக்கணும்னு சொல்லிட்டாங்க.